நிழற்குடை ஊருக்கு, பேருந்து கோட்டைக்கு

மெட்ரோவுக்கு யார் பணம் தருவது என்ற பேச்சு வந்தாலே டெல்லிக்கும் கோட்டைக்கும் இடையே கடிதங்கள் பறக்கத் தொடங்கிவிடுகின்றன. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சரே வந்து அடிக்கல் நாட்டினார். மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்ததோ 2024 அக்டோபர் 3-ம் தேதி. அதுவரை சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டு மாநில அரசு வேலையை நகர்த்திக்கொண்டிருந்தது. கோவைக்கும் மதுரைக்கும் அதுவும் வாய்க்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று சொல்லி, 2025 நவம்பரில் இரண்டு திட்டங்களும் திருப்பி அனுப்பப்பட்டன. பதினான்கு வருடத்துக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்து இன்றைய ஊரை அளக்கலாமா என்று தமிழ்நாடு கேட்டது நியாயமான கேள்வி. அதை இன்னும் உரக்கவே கேட்கலாம்.

ஆனால் இந்தச் சண்டை நடக்கும்போதெல்லாம் சம்பந்தப்பட்ட ஊரின் மாமன்றம் எங்கே இருக்கிறது? வேண்டுமானால் கண்டனத் தீர்மானம் போடலாம். அதற்கு மேல் முடிவெடுக்கும் மேசையில் அதற்கு நாற்காலி கிடையாது.

அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையைப் புரட்டினால் காரணம் தெரியும். 74-வது திருத்தத்தின்போது நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டார்கள். தெருவிளக்கு இருக்கிறது. சுடுகாடு இருக்கிறது. ஆடு மாடு அறுக்கும் கூடமும், பிடித்த மாட்டை அடைத்துவைக்கும் பவுண்டும்கூட இருக்கின்றன. பேருந்து நிறுத்தமும் இருக்கிறது. பேருந்து மட்டும் இல்லை!

சென்னையின் எந்த பஸ் ஸ்டாப்பிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். மாநகராட்சி அனுமதியில், விளம்பர வருமானத்தை நம்பி எழுப்பிய எவர்சில்வர் நிழற்குடை பளபளக்கும். அதில் நகைக்கடை விளம்பரம் பெரிதாகத் தெரியும், எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்ற விவரத்தைத் தேடத்தான் வேண்டும். பஸ்ஸோ அதைத் தாண்டி இருபதடி தள்ளிப்போய் நிற்கும். அதனால் கூட்டம் நிழற்குடையை விட்டுவிட்டு வெயிலில், நடுரோடு வரை இறங்கி நிற்கும். நிழற்குடை போட்டவருக்கு பஸ்ஸின் மேல் அதிகாரமில்லை. பஸ் ஓட்டுபவருக்கு நிழற்குடையைப் பற்றிக் கவலையில்லை. வார்டுக்குக் காலையில் கூடுதலாக ஒரு நடை கேட்டு கவுன்சிலர் எழுந்தால், மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்டிசிக்கு எழுதிப் போடுவதுதான் மாநகராட்சியால் முடிந்த உச்சகட்ட நடவடிக்கை.

இந்தப் பிரிவினை பழைய கதை. 1947 ஆகஸ்ட் 7 அன்று, சுதந்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு, பம்பாய் மாநகராட்சி தன் ஊரின் டிராம், பஸ், மின்சாரம் மூன்றையும் நடத்திவந்த கம்பெனியைக் கையகப்படுத்தியது. அதுதான் பெஸ்ட். அதே ஆண்டில் சென்னையில் மாகாண அரசே பஸ் ஓட்ட இறங்கியது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது, பிறகு பெயர்கள் மாறின. முதலாளி மட்டும் மாறவில்லை.

மும்பையில் பாலும் தேனும் ஓடுகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெஸ்ட்டின் சொந்தப் பேருந்துகள் தேய்ந்துகொண்டே வந்து, குத்தகை பஸ்களை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 10 ஆனது. அது நடந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், அதிகாரி கையில் மாநகராட்சி இருந்த காலம் அது. உறுப்பினர்கள் இருந்திருந்தால் கட்டணம் உயர்ந்தே இருக்காது என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெரிய ரகளை நடந்திருக்கும். அந்த ரகளைதான் நமக்கு வேண்டும் என்கிறோம்.

புனேவில் 2007-ல் இரண்டு ஊர்களின் பஸ் நிறுவனங்களை ஒன்றாக்கினார்கள். பற்றாக்குறையில் புனே மாநகராட்சி 60 பங்கு, பிம்ப்ரி சிஞ்ச்வட் 40 பங்கு. பணம் கொடுப்பவர் கணக்கு கேட்பார், எங்கள் பகுதிக்கு எத்தனை பஸ் என்று முறைப்பார். நம் ஊரில் முறைக்க ஆளில்லை. மகளிர் இலவசப் பயணத்துக்கான தொகையும் கோட்டையிலிருந்து வருகிறது, புது பஸ்ஸும் அங்கிருந்தே வருகிறது. 2018 ஜனவரிக்குப் பிறகு டிக்கெட் விலை கூடாததும் அங்கே எடுத்த முடிவுதான். மக்களுக்கு லாபம்தானே என்றால், ஆம். கஜானா இறுக்கமாகும் வருடத்தில் எந்த வழித்தடத்தில் நடை குறையும் என்பதும் அங்கேயேதான் முடிவாகும்.

கிளாம்பாக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 30 அன்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ கட்டிய பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை. அப்போது அதில் நிற்க ஒரு ஸ்டேஷன் இல்லை. பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் அலைந்தன. ரயில்வேக்கு ஸ்டேஷன் கட்டக் காசு கொடுத்ததும் சிஎம்டிஏதான். பஸ் ஒரு துறை, ரயில் இன்னொரு அரசு, ரோடு மூன்றாவது இலாகா. இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத்தான் கும்டா என்ற பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்! பன்னிரண்டு வருடம் கழித்துக் கூடிய அந்தக் குழுமத்திலும் பெரும்பாலும் துறைச் செயலாளர்களும் நிர்வாக இயக்குநர்களுமே இருக்கிறார்கள்.

துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போடவே திணறும் உள்ளாட்சிகள் பஸ்ஸுக்கு எங்கே போகும் என்ற கேள்வி வரும். நியாயம்தான். முழுச் சுமையையும் தலையில் ஏற்றச் சொல்லவில்லை, ஒரு சிறு பங்கு போதும். 12-வது அட்டவணையில் பேருந்து நிறுத்தமும் வாகன நிறுத்துமிடமும் ஒரே வரியில்தான் வருகின்றன. தெருவோரம் கார் நிறுத்துவதற்கு வசூலிக்கும் கட்டணத்தை பஸ்ஸுக்கென்று ஒதுக்கலாம். மெட்ரோ வந்ததும் மனை விலை ஏறுகிறது, கூடுதல் மாடி கட்ட பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணமும் கட்டுகிறார்கள். அதில் ஒரு பகுதியை அந்தந்த ஊர்க் கணக்கில் போக்குவரத்து நிதியாக வைக்கலாம். தனி நிதி வேண்டும் என்று 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருக்கிறது.

பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிந்துவிட்டது. அரக்கோணம் வரை ஒரே திட்டம் என்கிறார்கள். அத்தனை தூரத்துக்கும் மெட்ரோ போடப் போவதில்லை, பஸ்தான் போக வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் சென்னை, தாம்பரம், ஆவடி மூன்று மாநகராட்சிகளும் பேருந்துக்கென்று ஒரு தலைப்பு திறந்து, கையில் இருப்பதைப் போடட்டும். பதிலுக்கு எம்டிசி தன் வழித்தடப் பட்டியலையும் ரத்தான நடைகளின் கணக்கையும் ஆண்டுக்கொரு முறை அந்த மாமன்றங்களின் முன் வைக்கட்டும். கும்டாவில் மேயர்களுக்கு வாக்கோடு இடம் கொடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து உள்தெருக்களுக்கு எத்தனை சின்ன பஸ், எந்த வார்டுக்கு முதலில், யார் காசில் என்று கவுன்சிலர்கள் மன்றத்தில் அடித்துக்கொண்டே முடிவு செய்யட்டும்.