கடன் இல்லாத முதுமையே குடியானவனின் பென்ஷன்

அரசு உத்தியோகத்தில் இருப்பவருக்கு 60 வயது ஆனதும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குடியானவனுக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. மண்வெட்டியைத் தூக்க முடியாமல் போகும் நாள்தான் அவன் ஓய்வு பெறும் நாள். அந்த நாளில் அவன் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? விதை, உரம், விலை, மழை பற்றியெல்லாம் பேசும் நாம் இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இந்த வாரம் பேசுவோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய் வட்டி. ஐந்து வருடத்தில் 1,80,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும்.

மத்திய அரசு 2019 செப்டம்பரில் சிறு, குறு விவசாயிகளுக்கென்று 'கிசான் மான்தன்' என்னும் பென்ஷன் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு எக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ளவர்கள் இதில் சேரலாம். 60 வயதுக்குப் பின் அதில் கிடைக்கும் பென்ஷன் எவ்வளவு தெரியுமா? அதே மாதம் 3,000 ரூபாய்தான். அரசு தரும் பென்ஷன் முழுவதையும் ஒரு லட்ச ரூபாய்க் கைக்கடன் விழுங்கிவிடும். இதைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்றும் விளங்கும். அந்தக் கடனை அடைத்தவன் தனக்குத் தானே மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் வாங்கிக் கொடுத்தவன் ஆகிறான். சிறு விவசாயியின் முதுமைக்கு முதல் ஏற்பாடு சேமிப்பு அல்ல, கடனை அடைப்பதே என்பது என் கருத்து.

கிசான் மான்தன் திட்டத்தில் 18 வயதிலிருந்து 40 வயது வரை சேரலாம். வயதைப் பொறுத்து மாதம் 55 ரூபாயிலிருந்து 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். நாம் கட்டும் அளவுக்கு மத்திய அரசும் கட்டுகிறது. 40 வயதில் சேருபவர் வருடத்துக்கு 2,400 ரூபாய் கட்டுவார். பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாயில் பாதி கூட ஆகாது. அந்தத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. பென்ஷன் வாங்குபவர் காலமானால் துணைக்குப் பாதி, அதாவது 1,500 ரூபாய் கிடைக்கும். மனைவியும் தனியாகக் கட்டித் தனியாகவே பென்ஷன் பெறலாம். வீட்டில் 40 வயதுக்கு உட்பட்ட மகனோ மருமகளோ விவசாயம் பார்த்தால் ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொதுச் சேவை மையத்துக்கு அனுப்பி வையுங்கள்.

ஆனால் வயலில் இறங்கிப் பாருங்கள். இன்று ஏர் பிடிப்பவர்களில் 40 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. 40 முதல் 55 வயது வரை உள்ளவர்கள் கூடுதல் தொகை கட்டியாவது சேர அரசு வழி செய்ய வேண்டும். அது நடக்கும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

45 வயதைக் கடந்தவர்கள் ஒரு தாளை எடுத்து, இருக்கும் கடன் அத்தனையையும் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கம், வங்கி நகைக் கடன், உரக்கடை பாக்கி, புரோநோட்டு, கைமாற்று, திருப்பிச் செய்ய வேண்டிய மொய் வரை ஒன்றையும் விடவேண்டாம். எழுதும்போது மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு பத்திரத்தோடு வாசலில் வந்து நிற்பவனைப் பார்த்துத்தான் பல வீடுகளில் கடன் இருந்ததே தெரிய வருகிறது.

எழுதிய பின் எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடையுங்கள். சங்கத்துப் பயிர்க்கடனைக் கண்டு பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் அதைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. தவணை தவறினால்தான் வட்டியும் அபராதமும் ஏறும். 'தள்ளுபடி வரும், இருக்கட்டும்' என்று காத்திருப்பவர்கள் உண்டு. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது உண்மைதான். ஆனால் எந்தத் தள்ளுபடியும் புரோநோட்டைத் தொட்டதில்லை. குடும்பத்தைக் குலைப்பது அந்தப் புரோநோட்டுதான்.

அடுத்தபடியாக, 55 வயதுக்கு மேல் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடாதீர்கள். சொல்வதற்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் வைத்திருந்த ஒருவர் 58 வயதில் கடன் வாங்கி 900 அடி போட்டார். புகைதான் வந்தது. விட்ட இடத்தில் பிடிக்க வேண்டும் என்று மறுபடி கடன் வாங்கி இன்னொன்று போட்டார். அதில் வந்த தண்ணீர் இரண்டு கோடை தாங்கவில்லை. கடைசியில் ஒரு ஏக்கரைக் கிரயம் செய்து கடனைத் தீர்த்தார். 30 வயதுக்காரர் கிணற்றில் தோற்றால் மீண்டு எழ வருடம் இருக்கிறது. 58 வயதுக்காரருக்கு ஏது? தண்ணீர் குறைந்தால் பாசனப் பரப்பைக் குறைத்துக்கொண்டு, மீதி நிலத்தில் சோளமும் கொள்ளும் விதைப்பது தோல்வி ஆகாது. மகளின் கல்யாணத்துக்கு நிலத்தை அடமானம் வைப்பதும் இதே கதைதான். பந்தலைச் சிறிதாக்கினால் ஊர் ஒரு வாரம் பேசும். நிலம் போனால் நம் ஆயுள் முழுக்க நாமே பேசிக்கொண்டிருப்போம்.

உடம்பு தளரும் காலத்துக்கு ஏற்ற வருமானத்தை 50 வயதிலேயே நட்டு வைக்க வேண்டும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் வரப்போரம் 20 நெட்டைத் தென்னை வைத்தால் ஆறு ஏழு வருடத்தில் காய்ப்புக்கு வரும். பிறகு நம் காலம் முழுக்க நிற்கும். மானாவாரி நிலத்துக்குப் பெரியகுளம் 1 ஒட்டுப் புளி நல்லது. விதைப் புளியைப் போல நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து மாடுகளை ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டால், வயதான தம்பதிகள் கூலியாள் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம். கடன் தீர்ந்த பிறகு, முன்பு வட்டிக்குப் போன பணத்தைத் தபால் நிலையத்தில் மாதத் தவணைச் சேமிப்பாகக் கட்டி வாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பிள்ளைகள் நல்லவர்கள்தான். இருந்தாலும் குடியிருக்கும் வீட்டையும் ஒரு துண்டு நிலத்தையும் கடைசி வரை உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வைத்துக்கொள்ளுங்கள். தருவதை உயிலாக எழுதினால் உயிரோடு இருக்கும் வரை மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கடைசி வரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது. இதில் முதுமைக்கு என்ன ஒதுக்குவது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத வரை அந்தக் கேள்வி இருக்கும். விலைக்காகக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் மிஞ்சாத நிலையில்தான் வட்டி இன்னும் வேகமாக அரிக்கிறது. உழக்கு மிஞ்சாத வீட்டில் உழக்கு வட்டி கட்டுவது எப்படி?

பெரிய வசதி எதுவும் நாம் கேட்கவில்லை. சொந்தக் கூரை, வீட்டுச் செலவுக்குத் தானியம், வாசலில் ஒரு மாடு, மருந்துக்குக் கொஞ்சம் பணம், யாரைக் கண்டும் ஒதுங்கி நடக்க வேண்டாத தெரு. இவ்வளவு இருந்தால் குடியானவனின் முதுமை கௌரவமானதுதான். இன்று இரவே அந்தத் தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள்.