செவியிருந்தும் கேளாத வேளை

செவி நன்றாயிருந்தும் நாம் எதையும் கேளாத வேளை உண்டு. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகமறியும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. விமானத்தைத் தானே செலுத்தும் கருவி விலகிக்கொண்டது. திடுக்குற்ற துணை விமானி விமானத்தின் மூக்கை உயர்த்தினார். இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்தன. எச்சரிக்கை 54 வினாடிகள் இடைவிடாது ஒலித்தும், அதைக் குறித்து விமானிகள் எவரும் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அடைப்பு ஒரு நிமிடமளவில் நீங்கிற்று, திகைப்போ நீங்கவில்லை. 228 பேரும் மாண்டனர்.

அவர்களைப் பழித்தல் எளிது. திகைத்த மனம் ஒன்றையே பற்றிக்கொண்டு மற்றவற்றை மறப்பது மனித இயல்பு. ஆகவே பணியிடத்திலோ, வாகனம் ஓட்டுகையிலோ, அடுப்படியிலோ திடுக்குற்றால், கை விரையுமுன் "இப்போது நடப்பதென்ன?" என்று வாய்விட்டுக் கேட்போம், அருகிலிருப்பவர் சொல்வதற்குச் செவிகொடுப்போம்.