சண்டி வண்டி

மாட்டு வண்டிக் காலத்தில் சண்டி மாடு என்று ஒன்று உண்டு. சந்தையில் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி ஓட்டிக்கொண்டு வந்த மாடு பத்து நாள் ஒழுங்காக உழைக்கும். பதினோராம் நாள் பாரத்தோடு நடுரஸ்தாவில் படுத்துக்கொள்ளும். வாலை முறுக்கினாலும் எழுந்திராது. வைக்கோலைக் காட்டினாலும் எழுந்திராது. பிறகு தானாகவே மனம் இரங்கி எழுந்து, ஒன்றுமே நடவாதது போல் நடக்கும். விற்றவனிடம் திருப்பிக் கொண்டுபோனாலோ, அவன் எதிரில் அதைப்போலச் சாதுவான பிராணி உலகத்தில் இல்லை.

மாடுகள் போயின, அந்தச் சுபாவம் மட்டும் போகவில்லை. பெட்ரோல் குடிக்கிற ஜன்மம் எடுத்து, லட்சக்கணக்கில் விலையும் பெற்று, மாதத் தவணையோடு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

புதுக் கார் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மாலை போட்டு, குங்குமம் இட்டு, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறோம். அமெரிக்காக்காரர்கள் சண்டி வண்டிக்கே எலுமிச்சம்பழம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நாம் பழத்தை நசுக்குவதோடு நின்றோம். அவர்கள் அதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். 1982-ஆம் வருஷத்தில் கனெக்டிகட் மாகாணம் எலுமிச்சைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒரே கோளாறை நான்கு தடவை பழுது பார்த்தும் தீரவில்லையா, அல்லது மொத்தத்தில் 30 நாள் வண்டி பட்டறையிலேயே கிடந்ததா, தயாரித்தவர் வேறு வண்டி கொடுக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அந்நாட்டின் ஐம்பது மாகாணங்களிலும் ஏதோ ஓர் உருவத்தில் இப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் 2012-ஆம் வருஷம் முதல் வேறொரு நல்ல ஏற்பாடு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் கொள்ளவேண்டும். இல்லையென்று ருசுப்படுத்துவது விற்றவர் பாடு.

நம் தேசத்தில் தனியாக அப்படிச் சட்டம் இல்லை. இங்கே குறையை ருசுப்படுத்துவது வாங்கியவர் தலையில் விழுந்த வேலை. அந்த வேலை ஏன் இவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

2014-ஆம் வருஷத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரும் வழியில் நிற்காத வண்டி அல்ல. ஆனால் அதன் சண்டித்தனம் ஒளிவு மறைவு அற்றது. ரேடியேட்டர் கொதித்தால் ஆவி பறக்கும். பெட்ரோல் டாங்கு ஒழுகினால் மூக்குக்குத் தெரியும். ஓட்டையில் சவுக்காரக் கட்டியைத் தேய்த்து அடைத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம். எந்தக் கிராமத்துப் புளியமரத்தடியிலும் அதற்கு ஒரு வைத்தியர் இருந்தார். இன்றைய வண்டிக்கோ மூளை இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தபின், வண்டிகளில் ‘ஸென்ஸார்’ என்னும் உணர்கருவிகள் இன்னும் பெருகின. காற்று சுத்தமாவதற்காகச் செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி தன் மனத்தில் இருப்பதை இப்போது ஸ்கானர் என்ற கருவியிடம் மட்டுமே சொல்லும். அதுவும் அதற்கு இஷ்டம் இருந்தால்.

இஷ்டம் என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. கோளாறு ஒரு குறிப்பிட்ட அளவு நேரம் நீடித்தால்தான் மூளை அதை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரம் வந்து போன கோளாறு பல சமயம் ஏட்டில் ஏறுவதே இல்லை. ஏறிய எண்ணும், கோளாறு திரும்ப வராமல் எஞ்சின் நாற்பது தடவை சூடேறி ஆறினால், தானே அழிந்துவிடும். பல வண்டிகளில் பாட்டரி வயரைக் கழற்றினாலும் அழிந்துவிடும். பட்டறையில் முதல் காரியமாகப் பாட்டரியைக் கழற்றுகிறவர், இருந்த ஒரே சாட்சியையும் நாடு கடத்திவிடுகிறார்.

எங்கள் வீட்டு வண்டியின் கதை இது. மூன்று வருஷ வாரண்டி முடிய ஐந்து மாதம் இருக்கையில், திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், துவரங்குறிச்சிக்குச் சற்று முன்பாக, நடுப்பகல் வெயிலில் எஞ்சின் அணைந்தது. பின்னால் ஆம்னி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. ஓடும்போது எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். பின் ஸீட்டில் எழுபத்தைந்து வயதுத் தாயாரும் இரண்டு குழந்தைகளும். எப்படியோ ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் புளியமரத்து நிழலில் நின்றோம். பிறகு சாவியைத் திருப்பியதும் வண்டி சிரித்துக்கொண்டே கிளம்பிற்று. “வெயிலுக்குப் பயந்துதான் நின்றிருக்கும்” என்றாள் தாயார். அந்த வார்த்தையில் எவ்வளவு ஞானம் இருந்தது என்பது பட்டறைக்காரர்களுக்கு நான்கு மாதம் கழித்துத்தான் விளங்கிற்று.

கம்பெனி ஸர்வீஸ் நிலையத்தில் வரவேற்பு பிரமாதம். ஏர்கண்டிஷன் அறை, காப்பி, பத்திரிகை. ஆலோசகர் என்ற இளைஞர் நான் சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டார். பிறகு ஜாப் கார்டு எனப்படும் வேலைச் சீட்டில் இரண்டே வார்த்தை எழுதினார்: “வண்டி நிற்கிறது.” நோயாளி ஒரு மணி நேரம் சொன்ன வியாதிக்கு, “உடம்பு சரியில்லை” என்று எழுதிக்கொள்ளும் வைத்தியரை நீங்கள் பார்த்ததுண்டா? மாலையில் பதில் வந்தது: “சோதித்தோம்; குறை காணப்படவில்லை.” வண்டியைக் குளிப்பாட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து மணப்பாறை ரோட்டில் மறுபடியும் படுத்தது.

இரண்டாம் தடவை ‘திராட்டில் பாடி’யைச் சுத்தம் செய்தார்கள், 1,400 ரூபாய். மூன்றாம் தடவை பாட்டரியை மாற்றினார்கள். பாட்டரிக்கு வாரண்டி வேறு கணக்காம், 5,800 ரூபாய். நான்காம் தடவை பெட்ரோல் பம்பு. அது வாரண்டியில் இலவசம். ஒவ்வொரு தடவையும், “இனிமேல் வராது, சார்” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வந்தது.

அவர்களை அயோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். ஏற்பாடு அப்படி அமைந்திருக்கிறது. வாரண்டிக் காலத்தில் மாற்றுகிற சாமானுக்கும் கூலிக்கும் பணம் கொடுப்பவர் தயாரிப்பாளர். இன்ன வேலைக்கு இத்தனை நேரம் என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கழற்றிய பழைய சாமானை வரவழைத்துப் பரிசோதிக்கவும் செய்வார். காரணம் போதாது என்று தோன்றினால் பணம் வராது, நஷ்டம் ஏஜெண்டுக்கு. ஆகையால் ஸ்கானர் சாட்சி சொல்லாத கோளாறை மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேடுகிறவனுக்கு அங்கே லாபம் கிடையாது. எஞ்சின் கரி நீக்கம், அடிப்பாகப் பூச்சு, உள்ளே வாசனை அடித்தல் முதலிய திவ்ய கைங்கரியங்களுக்கோ வாங்குகிறவர் கையிலிருந்து ரொக்கம் வருகிறது. எதில் சிரத்தை பிறக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு தடவை வண்டியை எடுத்துவரும்போதும் ஆலோசகர் வாசல் வரை வந்து, “கம்பெனியிலிருந்து போன் வரும், சார். பத்துக்குப் பத்து மார்க் போட்டுவிடுங்கள், ஒன்பது போட்டால்கூட எனக்குக் கஷ்டம்” என்று கெஞ்சுவார். இருபது வருஷமாகப் பையன்களுக்கு மார்க் போட்டு வருகிறேன். விடைத்தாளைத் திருத்தும் முன்பே நூற்றுக்கு நூறு கேட்ட பையன் இதுவரை ஒருவனும் இல்லை. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இரக்கந்தான் வந்தது. ஆனால் இப்படிச் சேர்ந்த பத்துக்குப் பத்துகளைப் பார்த்துத் தலைமைக் காரியாலயத்தில் என்ன நினைத்துக்கொள்வார்கள்? தங்கள் ராஜ்யத்தில் மாதம் மும்மாரி பொழிகிறது என்றுதானே?

ஐந்தாம் தடவை வேலைச் சீட்டை நானே எழுதினேன். “ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏ.ஸி. போட்டிருக்கையில், பகல் வெயிலில் மட்டும் எஞ்சின் அணைகிறது. இருபது முதல் முப்பது நிமிஷம் ஆறினால் கிளம்புகிறது. இதுவரை நடந்த தேதிகள், மீட்டர் எண்கள் பின்வருமாறு.” ஆலோசகர், “இவ்வளவுக்கு இடம் இல்லையே, சார்” என்றார். பின்பக்கம் இருக்கிறதே என்றேன்.

அந்தப் பின்பக்கத்தைப் படித்தவர் பட்டறையின் உள்ளே இருந்த ஒரு வயதான மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “சூடாயிருந்தாத்தான் நிக்குதா, சார்? நிக்கிறப்ப முள்ளு எப்படி விழுது? மெதுவா இறங்குதா, சடார்னு விழுதா?” என்று கேட்டார். நான்கு மாதத்தில் எங்களை யாரும் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. “சடாரென்று விழுகிறது” என்றேன். பெட்ரோல் போதாமல் அணைகிற எஞ்சின் இருமிக்கொண்டு ஓயுமாம். முள் சடாரென்று விழுவது வேறு சமாசாரமாம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு என்னையே ஓட்டச் சொல்லி, ஸ்கானரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபதாவது கிலோமீட்டரில் வண்டி அணைந்தது. சக்கரம் உருண்டுகொண்டிருக்கிறது, ஸ்கானரிலோ எஞ்சின் சுற்று பூஜ்யம். “பாத்தீங்களா? எஞ்சின் சுத்துது; ஆனா சுத்துறதே மூளைக்குத் தெரியல” என்றார். கிராங்க் தண்டு சுற்றுவதை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்கருவி ஒன்று உண்டு. சூடேறினால் அதன் உள்ளே இணைப்பு விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள். மாற்றிய பின் வண்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. அந்தப் பெரியவருக்கு மார்க் போடச் சொல்லி எனக்குப் போன் வரவில்லை. ஆலோசகருக்குப் போடச் சொல்லித்தான் வந்தது.

இந்தக் காலத்தில்கூட ஸர்வீஸ் கவுண்டர் முன் நின்றால் நம் கைகள் தாமாகவே கட்டிக்கொள்வதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். சுதந்திரம் வந்து பல வருஷம் வரையில், பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த தேசம் இது. விற்கிறவர் வரங்கொடுக்கும் தெய்வம், வாங்குகிறவர் பக்தர். இன்று ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் உண்டாக்கும் கார்கள் கப்பலேறிப் பல தேசங்களுக்குப் போகின்றன. 2022-ஆம் வருஷ விற்பனையில் இந்தியா ஜப்பானை முந்தி உலகில் மூன்றாவது ஸ்தானத்துக்கு வந்தது. இதில் நமக்கெல்லாம் பெருமைதான். அந்தப் பெருமையில் வாங்குகிற பிரஜைக்கும் ஒரு பங்கு வேண்டாமா? சண்டி வண்டியைப் பொறுத்துக்கொள்வது தேசபக்தியில் சேர்ந்ததல்ல.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் ஜில்லா ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வழக்குக் காரணம் எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும். சாமானைச் சோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; ஆனால் அதற்கான செலவை முதலில் கட்டவேண்டியவர் மனுதாரர். நிபுணர் அபிப்பிராயம் இல்லாமல் தோற்ற மனுக்கள் அநேகம்.

வண்டியையே மாற்றித் தருவார்கள் என்று கோட்டை கட்டவேண்டாம். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு வழக்கில், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கான வாக்குறுதியே தவிர வண்டியை மாற்றுவதற்கானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. ஏஜெண்டு செய்த காரியத்துக்கு, தெரிந்து உடந்தையாக இருந்தாலன்றித் தயாரிப்பாளர் பொறுப்பாளி அல்ல என்று 2021-இல் இன்னொரு வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆகையால் மனுவில் இருவரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதே உசிதம். உயிருக்கு ஆபத்தான குறைகளுக்கு ஸர்க்காரே வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் விதி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரே மாதிரியான புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால்தான் அந்தச் சக்கரம் உருளும்.

இத்தனைக்கும் ஆதாரம் அந்த அற்பமான வேலைச் சீட்டுதான். வாரண்டிக்குள் எழுத்தில் ஏறிய புகார், வாரண்டி முடிந்த பிறகும் பேசும். வாயால் சொன்னது வாசலோடு போயிற்று. எங்களிடம் ஐந்து சீட்டுகள் இருக்கின்றன. மாற்றிய பழைய பாட்டரியையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாடிப்படிக்கடியில் அது இருப்பது என் சகதர்மிணிக்கு இஷ்டமில்லை.

வேண்டாத பாட்டரிக்கும் சுத்தம் செய்ததற்கும் வாங்கிய 7,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டு ஏஜெண்டுக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதினேன். “தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று பதில் வந்தது. தேதிகளும் மீட்டர் எண்களும் சேர்த்து இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருஷக் கெடுவில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கிறது.