ஒரே பள்ளி, இரண்டு தீர்ப்பு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியைப் பற்றிப் பல ஊர்களில் பெற்றோர் இரு வேறாகப் பேசுகிறார்கள். "டீச்சர் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, காலையில சூடா சாப்பாடும் போடுறாங்க" என்பார் ஒருவர். "மூணாவது படிக்கிறான், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான்" என்று சொல்லி, பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார் அடுத்த வீட்டுக்காரர்.

இருவர் சொல்வதும் உண்மையே. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பெரும் துணை. ஆனால் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இருவர்! ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர்தான். இந்த நிலையில் குறை சொல்லும் பெற்றோரைக் கோபிப்பதில் நியாயமில்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியரை அரசு நியமித்தே ஆக வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தருவதும் அதே சட்டம்தான். ரேஷன் கடை வரிசையில் பேசும் குறையை அந்தக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதவையுங்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.