காத்திருக்கச் சொன்னவர்களுக்கு ஒரு மடல்



பிறர் மனத்தை மாற்ற எழுதுகிறவர் குரலை உயர்த்த வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். 1963-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கைதான மார்ட்டின் லூதர் கிங், சிறையிலிருந்து வரைந்த மடலைப் படித்தோர் அவ்வாறு எண்ணார்.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் காலத்துக்கு ஒவ்வாதது, வெளியார் நடத்துவது என்று அம்மாநிலத்துச் சமயத் தலைவர் எண்மர் அறிக்கை விட்டிருந்தனர். அவர்களுள் கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டூரிக்கும் ஒருவர். செய்தித்தாளின் ஓரங்களிலேயே கிங் மறுமொழி எழுதத் தொடங்கினார்.

அவர்களை உடன் ஊழியர் என்றழைத்து, நல்லெண்ணம் உடையோர் என முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். பகைவன் என விளிக்கப்பட்டவன் செவியைப் பொத்திக்கொள்வான் அன்றோ? வெளியார் என்ற பழிக்கு, ஊர் ஊராய் நற்செய்தி சுமந்து சென்ற புனித சின்னப்பரைச் சுட்டுகிறார். நீதியற்ற சட்டம் பற்றிப் பேசுங்கால் புனித அகுஸ்தினாரையும் அக்குவினாஸ் தோமையாரையும் துணைக்கழைக்கிறார். படிப்போர் தாமே போற்றும் சான்றோர். எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் மடலின் உயிர்நிலை ஒரே வாக்கியத்தில் உள்ளது. காத்திருங்கள் என்ற அறிவுரைக்கு விடை அது. ஆங்கிலத்தில் 300 சொற்களைத் தாண்டும். வெறிக்கும்பல் பெற்றோரைக் கொல்வதைக் காணும்போது, கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போகலாகாது எனக் கேட்கும் ஆறு வயது மகளுக்கு விடை கூற நா எழாதபோது, எந்த விடுதியும் இடம் தராமையால் இரவெல்லாம் காரிலேயே முடங்கும்போது என அடுக்கடுக்காகப் ‘போது’கள் வருகின்றன. காத்திருப்பது ஏன் அரிது என்பது கடைசியில்தான் வருகிறது. வினைமுற்றை இறுதியில் வைக்கும் நமக்கு இந்நடை புதிதன்று. ஆங்கிலத்திலோ, படிப்பவர் மூச்சடக்கிக் காத்திருக்க நேர்கிறது! மேலும், அங்கே ‘நான்’ இல்லை. ‘நீங்கள்’ என்றே எழுதுகிறார். மகள் அவருடையவள், தவிக்கும் தந்தையோ படிப்பவர். (சோப்பு விற்பவரும் ‘உங்கள் குழந்தை’ என்றே எழுதுகிறார். உத்தி ஒன்றுதான், கேட்பது வேறு.)

இவ்வளவு பணிவிலும் இச்சகம் இல்லை. மிதவாதிகள் தமக்களித்த ஏமாற்றத்தைக் கிங் ஒளிக்கவில்லை. மடலின் முடிவில், உண்மையை மிகைப்படுத்தியிருந்தால் படிப்போரிடமும், குறைத்துக் கூறியிருந்தால் இறைவனிடமும் மன்னிப்பு வேண்டுகிறார்.

பிற்காலத்தில் டென்னஸியில் ஆயராயிருந்த டூரிக், கறுப்பின மக்களின் உரிமைக்காக வெளிப்படையாகவே குரல் கொடுத்தார்.