இனாமும் கூலியும்

கோடை விழா நாளொன்றில் ஏற்காடு ஏரிக்கரையருகே சிற்றுண்டிச்சாலை ஒன்றில் உணவருந்தினோம். ஓடியோடிப் பரிமாறிய இளைஞர்க்கு இனாம் அளித்தபோது, “சாமி, சம்பளம் சொற்பம், சீசன் போனால் இதுவும் இல்லை” என்றார்.

கொடுத்த பெருமை சுருங்கிற்று. முதலாளி தரவேண்டிய கூலியையன்றோ நாம் தருமமென எண்ணித் தந்தோம்! சிக்கனமாய் வாழும் தொழிலாளியும் பிழைக்கவியலாத கூலி நீதியன்று எனப் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-லேயே போதித்தார். உணவக பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கலாகாது என 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. 2025-இல் டில்லி உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. உண்பவர்க்கு நல்லதே, பரிமாறுபவரின் சம்பளம் அதனால் உயர்ந்துவிடாது.

இல்லம் திரும்பி, நம் பங்குத் திருவிழா விருந்தில் பரிமாறியோர்க்குக் கொடுத்த கூலியைக் கணக்கேட்டில் பார்த்தோம். தொகையை இங்கே எழுதக் கூசுகிறது. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் எடுக்கிறோம்.