ஜெர்சிக்குள் இருக்கும் பிள்ளைகள்



ஒரு ஜீன்ஸ் பேண்ட் சதுரங்க உலகத்தையே உலுக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 டிசம்பர் கடைசியில், நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் நடந்த உலக ரேபிட் போட்டிக்கு சதுரங்க நட்சத்திரம் மாக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே உடை விதிப்படி 200 டாலர் அபராதம் விதித்து, உடனே மாற்றிக்கொண்டு வரச் சொன்னது. நாளை மாற்றிக்கொள்கிறேன், இன்று முடியாது என்றார் அவர். ஒன்பதாவது சுற்றில் அவருக்கு ஆட்டம் ஒதுக்கப்படவில்லை. அவர் போட்டியை விட்டே விலகினார். அடுத்த சில நாட்களில் ஃபிடே விதியைத் தளர்த்தியது; அவரும் பிளிட்ஸ் போட்டிக்குத் திரும்பி வந்தார்.

ஏழு மாதம் கழித்து, 2025 ஆகஸ்ட் 1 அன்று, ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கப் பட்டத்தை வென்றார் கார்ல்சன். இந்த முறை அவர் ஆடியது டீம் லிக்விட் என்ற ஈஸ்போர்ட்ஸ் கிளப்புக்காக, அந்த கிளப்பின் ஜெர்சியோடு. நம் அர்ஜுன் எரிகைசி அதே போட்டியில் ஜென்.ஜி என்ற கிளப்புக்காக ஆடினார். கோட்டும் சூட்டும் கேட்டுவந்த ஆட்டம், கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் அரங்குக்குள் நுழைந்ததும் லோகோ வைத்த சட்டையைக் கேட்டது. அன்று பேண்ட்டை மாற்ற மறுத்தவரே இந்தச் சட்டையை மனம் ஒப்பிப் போட்டுக்கொண்டார். இதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. கார்ல்சன் பேரம் பேசக்கூடிய இடத்தில் இருப்பவர். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். நான் நினைத்துக் கவலைப்படுவது எழுந்து போக முடியாத பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

இந்தச் சீருடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தென்கொரியாவுக்குப் போக வேண்டும். 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு அங்கே தெருவுக்குத் தெரு ‘பிசி பாங்’ எனப்படும் கம்ப்யூட்டர் மையங்கள் முளைத்தன. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு அந்த மையங்களை இரவு பகலாக நிரப்பியது. இங்கே நம் பிள்ளைகள் கேட்கும் வசவுகளையெல்லாம் அந்தப் பிள்ளைகளும் கேட்டார்கள். தொலைக்காட்சிப் போட்டிகளின் தொடக்க காலத்தில் அவர்களுக்கு விண்வெளி வீரர்களைப் போல வேஷம் கட்டி உட்கார வைத்ததும் உண்டு. பிறகு எஸ்.கே. டெலிகாம், கே.டி., சாம்சங் என்று பெரிய நிறுவனங்கள் அணிகளை நடத்த வந்தன. கார் பந்தய ஓட்டுநர்கள் போடுவதைப் போன்ற, லோகோக்கள் நிறைந்த மேலங்கி வந்தது. கட்டாய ராணுவ சேவையில் இருந்த வீரர்களை வைத்து விமானப்படையே ‘ஏஸ்’ என்று ஓர் அணி நடத்தியது. ‘பாக்ஸர்’ என்று கொண்டாடப்பட்ட லிம் யோ-ஹ்வான் அதில் ஆடினார்.

அந்த மேலங்கி செய்த நன்மையைச் சொல்லாமல் விட்டால் பாவம். உருப்படாமல் போய்விட்டான் என்று ஊர் பேசிய பையன், நாட்டின் பெரிய நிறுவனத்தின் பெயரை மார்பில் தாங்கித் தொலைக்காட்சியில் வந்து நின்றபோது, அவன் அம்மா அக்கம்பக்கத்தில் தலைநிமிர்ந்து பேச முடிந்தது. சம்பளம் வந்தது. தொழில் என்ற மதிப்பும் வந்தது. அணியினர் எல்லோரும் ஒரே ஜெர்சி, முழு பேண்ட், விரல் தெரியாத ஷூ, தொப்பி போட்டால் அணியின் தொப்பி என்று இன்று பெரிய லீக்குகள் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். செருப்போடு மேடையேறாதே என்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அந்த ஜெர்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறவர்களில் பலர் மவுஸின் வேகத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். திரையில் பின்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முன்கை முழுவதையும் பெரிய மவுஸ்பேட் மீது ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். சட்டைக்கையின் ஓரத் தையல் மவுஸ்பேட் துணியில் உரசினால் குறி மயிரிழை தப்பும். அதனால் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக்கொள்வார்கள். சிலர் இறுக்கமான எலாஸ்டிக் உறை மாட்டிக்கொள்வார்கள். ஏசி குளிரில் விரல் விறைத்துவிடும் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் சூட்டுப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருக்கும் கொரிய வீரர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிற உடம்பு அது. அந்த உடம்புக்கு எது தோது என்று அதற்குத்தான் தெரியும். ஸ்பான்சர் லோகோ எந்த அளவில், எந்த இடத்தில் என்று முடிவெடுக்கிற மேஜையில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று கேட்பது அதிகப்படியான ஆசையா?

திரைக்குள் இருக்கும் உருவங்களையும் உடைக் கட்டுப்பாடு விடவில்லை. 2017-இல் ‘எவோ’ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டம் ஈ.எஸ்.பி.என். ஒளிபரப்பில் போய்க்கொண்டிருந்தபோது, கேமி என்ற பாத்திரத்தின் உடையை மாற்றிவிட்டு ஆடும்படி வீரரிடம் சொன்னார்கள். அது சின்ன விஷயம், போகட்டும்.

சட்டையில் தொடங்குகிற அதிகாரம் வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். 2013 டிசம்பரில், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தில் ஒரு பட்டியலைச் சேர்த்தது. டோட்டா 2, ஹார்த்ஸ்டோன் போன்ற போட்டி விளையாட்டுகளை அணி வீரர்கள் தங்கள் நேரலையில் ஆடக் கூடாது என்றது. அது போட்டி மேடை இல்லை. வீரர் தன் அறையில், தன் ரசிகர்களோடு உட்கார்ந்து பொழுதுபோக்குகிற நேரம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே ரயட் பின்வாங்கியது. அந்த விளையாட்டுகளின் நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரப்படுத்துவதற்கு மட்டும் தடை நின்றது. அந்த அளவு நியாயம்தான்.

இந்த அதிகாரம் வீரரின் வாய்ப்பேச்சு வரை போனதற்கு உதாரணமாக, ஹாங்காங் வீரர் பிளிட்ஸ்சங் கதைக்கு வருகிறேன். 2019 அக்டோபர் 6. ஹார்த்ஸ்டோன் கிராண்ட்மாஸ்டர்ஸ் ஆசிய பசிபிக் போட்டி. வென்ற கையோடு நேரலைப் பேட்டிக்கு வந்தார் அவர். கண்ணில் கண்ணாடிக் கவசம், முகத்தில் வாயு முகமூடி. கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஊர்வலம் போய்க்கொண்டிருந்த ஹாங்காங் இளைஞர்கள் அணிந்துகொண்டிருந்த அதே கோலம். என்ன சொல்லப்போகிறார் என்பது பேட்டி எடுத்த இரண்டு தைவான் வர்ணனையாளர்களுக்கும் புரிந்துவிட்டது. மேஜைக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டார்கள். முகமூடியை இழுத்துவிட்டு, ஹாங்காங்கின் விடுதலைக்கான கோஷத்தைச் சொன்னார் பிளிட்ஸ்சங். சில நொடிகள்தான்.

இரண்டே நாளில் ஹார்த்ஸ்டோனை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்து, பரிசுப் பணத்தையும் பறித்தது. அந்த இரு வர்ணனையாளர்களோடும் இனி வேலை இல்லை என்றது. அதற்கு அவர்கள் காட்டிய விதியைப் படித்தபோது என் மனம் ஆறவில்லை. பொதுமக்களில் ஒரு பகுதியினரைப் புண்படுத்துகிற அல்லது நிறுவனத்தின் பெயருக்குக் கெடுதல் செய்கிற எந்தச் செயலுக்கும் பரிசைப் பூஜ்யமாக்கலாம். எது அப்படிப்பட்ட செயல் என்பதை நிறுவனமே தன் விருப்பப்படி தீர்மானிக்கும். வாதியும் நீதிபதியும் ஒருவரே. கலிஃபோர்னியாவில் பிளிஸார்ட் வளாகத்துச் சிலையைச் சுற்றி நிறுவனத்தின் கொள்கைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குரலுக்கும் மதிப்புண்டு என்பது அவற்றில் ஒன்று. அந்த வரியை ஊழியர்களே காகிதம் ஒட்டி மறைத்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு தடை ஆறு மாதமாகக் குறைந்தது, பரிசுப் பணமும் திரும்பக் கிடைத்தது. வர்ணனையாளர்களுக்கும் ஆறு மாதத் தடை. தலையைக் குனிந்துகொண்டவர்களுக்கு!

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில், ஓவர்வாட்ச் விளையாட்டின் லீக்கில் டல்லாஸ் ஃபியூவல் அணி வீரர் எக்ஸ்க்யூசி, எதிரணி வீரர் ஒருவரைத் தன் நேரலையில் அவருடைய பாலியல் அடையாளத்தை வைத்து இழிவாகப் பேசினார். 2,000 டாலர் அபராதம், நான்கு ஆட்டத் தடை. அங்கே நான் முழுக்க லீக்கின் பக்கம். ஒரு சக வீரரின் மானத்தைக் காக்கிற விதி அது. பிளிட்ஸ்சங் மேல் பாய்ந்த விதி காத்ததோ நிறுவனத்தின் முகத்தை. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே மாதிரியான சட்ட மொழியில் எழுதி வைப்பதால்தான் கையெழுத்துப் போடுகிற பிள்ளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

2022 டிசம்பரில் இந்திய அரசு ஈஸ்போர்ட்ஸைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக அங்கீகரித்து, விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் விட்டது. இனி நம் வீடுகளுக்கும் இந்த ஒப்பந்தங்கள் வரும். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள், முதல் சம்பளம் என்ற பூரிப்பில், கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அம்மா அப்பாக்களே, அந்தக் காகிதத்தை ஒரு வாரம் வீட்டில் வைத்திருங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். பிள்ளையின் முகத்தையும் பெயரையும் எதற்கெல்லாம், எத்தனை காலம் பயன்படுத்திக்கொள்வார்கள், அணியை விட்டு வந்த பிறகுமா, ஆட்டம் இல்லாத நேரத்தில் எழுதுவதும் பேசுவதும் யார் அனுமதியில், அபராதம் போட்டால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிற அணியாக இருந்தால், அந்தக் கோபத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டது நல்லதுதானே.

உங்கள் வீட்டில் இப்படி ஆடுகிற பிள்ளை இருந்தால், அணி ஒன்றில் சேர்ந்த அனுபவம் இருந்தால், எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். பிள்ளைகளே நேரடியாக எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை அந்தக் கடிதங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்